சர்க்யூட் வரைபடத்தில் மின் இணைப்பை மறைக்காதீர்கள்

ஐசிக்கு எந்தப் பின்னில் மின்சாரம் போகிறது என்று காட்டாத வரைபடம் அரைகுறை வரைபடம்தான். "14 பின் ஐசி என்றால் 14-ல் பிளஸ், 7-ல் கிரவுண்டு, இது தெரியாதா?" என்பார்கள். 7400-க்குச் சரி. அதே குடும்பத்து 7490-க்கு 5-ல் பிளஸ், 10-ல் கிரவுண்டு. சிடி4049-ஐப் பாருங்கள்: 16 பின் இருந்தும் பிளஸ் போவது 1-ல், 16-ம் பின்னுக்கு உள்ளே இணைப்பே கிடையாது. பழக்கத்தை நம்பி சால்டர் வைத்தால் ஐசி வேலை செய்யாது.

எல்எம்358-ல் இருப்பதுபோல ஒரே ஐசிக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருந்தால், மின் பின்களைத் தனிப் பெட்டியாக வரைந்து, 8-ல் பிளஸ், 4-ல் கிரவுண்டு என்று எண்ணோடு எழுதுங்கள். அந்த மின் பின்களுக்கு இடையே போடும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் அங்கேயே வரையுங்கள். அது எந்த ஐசிக்கு உரியது என்பது பார்த்ததும் புரியும். போர்டிலும் பக்கத்தில் வைக்கத் தோன்றும்.

பிளஸ் மேலே, கிரவுண்டு கீழே. பிளஸ் லைனுக்கு வெறும் 'விசிசி' என்று பெயர் எழுதினால் போதாது. ஒரே போர்டில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் ஓடும்போது, அந்த அளவையே லைனுக்குப் பெயராக வையுங்கள்.

கணினியில் வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சின்னங்கள் சிலவற்றில் மின் பின்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். பெயரை வைத்துத் தாமாகவே இணைந்துகொள்ளும். பின்னின் பெயர் விசிசி, உங்கள் லைனின் பெயர் +5 வோல்ட் என்றால் இரண்டும் சேராது. அந்தப் பின்களை வெளியே எடுத்து, நீங்களே கோடு போட்டு இணையுங்கள். பிறகு இணைப்புப் பிழைகளைக் காட்டும் ஈஆர்சி சோதனையை ஓட்டிவிட்டு போர்டு அடிக்கக் கொடுங்கள்.