பாடம் 6: வேனில் மல்லிகை

நுழையும் முன்

தில்லியில் கோடை மாலை வேளைகளில் சாலைச் சந்திப்புகளிலும் கோவில் வாயில்களிலும் வெண்ணிற மலர்ச் சரங்களை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மலரை உங்கள் நண்பர்கள் மோக்ரா என்றும் பேலா என்றும் அழைப்பர். நம் வீட்டில் அதுவே மல்லிகை. தெலுங்கர் அதனை மல்லெ என்பர். கன்னடர் மல்லிகெ என்பர். பெயர் பலவாயினும் செடி ஒன்றே. அச்செடியை நம் வீட்டு மாடத்தில் வளர்க்கும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

வெயிலை விரும்பும் செடி

மல்லிகையுள் பல வகை உண்டு. திரண்ட மொட்டுகளை உடைய குண்டுமல்லியே நாம் வளர்க்கப்போவது. இது குறுஞ்செடியாகப் புதர்போல் வளரும். மதுரை மல்லி இவ்வகையைச் சார்ந்தது. 2013ஆம் ஆண்டு அது புவிசார் குறியீடு பெற்றது. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. முல்லை, மௌவல், தளவம் எனும் மல்லிகை இனப் பெயர்கள் அவற்றுள் இடம்பெற்றுள்ளன.

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும். மற்றச் செடிகள் வாடும் அந்நாள்களில்தான் மல்லிகை மிகுதியாகப் பூக்கும். நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் அதற்கு வேண்டும். நிழலில் வைத்தால் இலை செழிக்கும்; பூ வாராது.

நான் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், பணி மாறுதலாகி நான் தில்லிக்கு வந்தேன். முதற்கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, எங்கள் வீட்டுக் கிணற்றடி மல்லிகையிலிருந்து அம்மா பதியம் போட்டு வைத்திருந்த கன்று ஒன்றைத் தந்தார். ஈரச் சாக்கில் வேரைச் சுற்றி, இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் மடிமீது வைத்துக் கொணர்ந்தேன். தொட்டியில் நட்டேன். மழைக்காலத்தில் அது தழைத்தது. செப்டம்பரில் நான்கு பூக்களும் பூத்தது.

ஜனவரி வந்தது. குளிர் மிகுந்த இரவுகளில் வெப்பம் 5 பாகைக்கும் கீழே இறங்கியது. இலைகள் பழுத்து உதிர்ந்தன. வெறுங்குச்சிகளே எஞ்சின. செடி பட்டுப்போயிற்று என்று எண்ணி, அதனைப் பிடுங்கி எறிந்தேன். அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன்.

“தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“இல்லை, அம்மா.”

“பிடுங்கியபோது வேர் கறுத்திருந்ததா, வெளுத்திருந்ததா?”

“வெளுத்துத்தான் இருந்தது.”

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “உயிரோடிருந்ததைப் பிடுங்கிவிட்டாய். குளிருக்கு அது உறங்கிக் கிடந்தது” என்றார். உடனே கீழே ஓடினேன். குப்பை வண்டி சென்று வெகுநேரமாகியிருந்தது.

அடுத்த கோடையில் அம்மா மீண்டும் ஒரு கன்று தந்தார். என் மாடத்தில் இன்றும் பூப்பது அதுவே. அம்மா இன்று இல்லை. கிணற்றடிச் செடியும் இல்லை. நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருக்கவே இதனை எழுதினேன்.

நகச் சோதனை

இலையுதிர்ந்த தண்டின் மேற்பட்டையை நகத்தால் மெல்லக் கீறுக. உள்ளே பசுமையும் ஈரமும் தோன்றினால் செடிக்கு உயிருண்டு. உள்ளும் காய்ந்து பழுப்பாயிருப்பின் அக்கிளை பட்டது எனக் கொள்க. ஒரு கிளையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது; அடித்தண்டு வரை இறங்கிப் பார்த்தல் வேண்டும். ஐயம் இருப்பின் மார்ச் மாத முடிவுவரை காத்திருத்தல் நலம்.

நடும் முறை

அடியில் துளையுள்ள, 12 அங்குல விட்டமுடைய மண் தொட்டியைத் தேர்ந்துகொள்க. துளையின்மேல் ஓட்டுச்சில் ஒன்றை வைக்க. தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய சாண எரு ஒரு பங்கு என்னும் அளவில் கலந்து நிரப்புக. கன்றை நடுவதற்குப் பிப்ரவரி முடிவும் மழைக்காலத் தொடக்கமும் ஏற்ற பருவங்கள்.

கோடையில் காலையிலும் மாலையிலும் நீர் ஊற்றுக. குளிர்காலத்தில் மேல்மண் உலர்ந்த பின்னரே சிறிது ஊற்றுக. உறங்கும் செடிக்கு நீர் மிகுந்தால் வேர் அழுகும். அப்பொழுது எருவும் இடலாகாது.

நரம்பு பச்சையாகவே இருக்க, இளம் இலை மட்டும் மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. சுண்ணச்சத்து மிகுந்த மண்ணிலும் உவர்நீரிலும் இக்குறை தோன்றும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, பெரியவர் துணையுடன் மாலையில் இலைமீது தெளிக்கலாம்.

கவாத்து

மல்லிகை புதிய தளிர்களின் நுனியிலேயே அரும்பு கட்டும். ஆகவே பழைய கிளைகளை வெட்டிப் புதுத்தளிர் எழச் செய்தல் வேண்டும். இதற்குக் கவாத்து என்று பெயர். தமிழ்நாட்டில் நவம்பர் இறுதியில் கவாத்து செய்வர். தில்லியில் அப்பொழுது வெட்டினால் இளந்தளிர்கள் குளிரில் கருகும். எனவே குளிர் தணியும் பிப்ரவரி நடுப்பகுதிவரை பொறுத்திருந்து வெட்டுக. ஊரில் கற்ற முறையை இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளல் இங்குத் தேவையாகிறது. முதற்பருவப் பூக்கள் முடிந்ததும் கிளை நுனிகளைச் சிறிது கிள்ளிவிட்டால் மீண்டும் அரும்பும்.

பதியம்

குண்டுமல்லி பெரும்பாலும் விதை தருவதில்லை. ஒரு செடியின் கிளையிலிருந்தே மறு செடி உண்டாகிறது. மழைக்காலத்தில் தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, அதன் அடிப்பட்டையைச் சிறிது சீவி, அருகிலுள்ள தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைக்க. நுனி வெளியே நிற்றல் வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். பிறகு தாய்ச்செடியிலிருந்து அறுத்துப் பிரிக்கலாம். இவ்வாறு பிரித்த கன்று புதிய செடி அன்று. தாய்ச்செடியின் தொடர்ச்சியே ஆகும். ஆகையால் பாட்டி வீட்டிலிருந்து வந்த கன்று உங்கள் மாடத்தில் பூத்தால், பாட்டி வீட்டுச் செடியே பூத்ததாகக் கொள்ளலாம்.

மொழி அறிவோம்

பூவின் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. தோன்றும் நிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. விரிந்த நிலை மலர். செடியினின்று உதிர்ந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இச்சொற்களை எடுத்துக்காட்டித் தமிழின் சொல்வளத்தை விளக்கியுள்ளார். மல்லிகை மாலையில் விரியும். எனவே பூ விற்போர் விடியலிலேயே மொட்டாகப் பறிப்பர். தொடுக்காத பூ உதிரிப்பூ எனப்படும். தொடுத்த சரத்தை முழக்கணக்கில் விற்பர்.

சொல்லும் பொருளும்

வேனில் – கோடைக்காலம்
மாடம் – வீட்டின் மேல்தளம், முன்தளம்
பட்டுப்போதல் – செடி காய்ந்து உயிரிழத்தல்
முழம் – முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரையுள்ள நீளம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. நிழலில் வைத்த மல்லிகை பூக்காததற்குக் காரணம் யாது?
2. தமிழ்நாட்டிலும் தில்லியிலும் கவாத்து செய்யும் காலம் வேறுபடுவது ஏன்?
3. ஆசிரியர் எவ்விரண்டு அடையாளங்களைக் கவனித்திருந்தால் செடியைப் பிடுங்கியிருக்கமாட்டார்?
4. “அம்மா சிறிது நேரம் பேசவில்லை.” அப்பொழுது அவர் என்ன எண்ணியிருப்பார்? உம் சொற்களில் ஐந்து வரி எழுதுக.

ஆ. சேர்த்து எழுதுக.
எடுத்துக்காட்டு: பூ + தொட்டி = பூந்தொட்டி
1. பூ + கொடி
2. பூ + சோலை
3. பூ + தோட்டம்

இ. செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியவரிடம், அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டில் இருந்த பூச்செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றுள் ஒன்று நீங்கள் இப்பொழுது வாழும் ஊரில் எப்பெயரால் வழங்குகிறது என்பதை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து, இரு பெயர்களையும் வகுப்பில் கூறுக.