கொல்லைக்கு எந்த வாழை?

கொல்லையில் நட்ட வாழை, தார் போடும் முன்பே வாடியோ சாய்ந்தோ போகிறதா? கன்று வாங்கும்போதே இவற்றைக் கவனியுங்கள்.

1. முதன்முதலாக வைப்பவர்கள் பூவன் நடுங்கள். வாடல் நோயைத் தாங்கும். இலையும் பந்திக்கு ஆகும்.

2. கடைமடைப் பக்கம் உவர் மண்ணா? மொந்தன் அல்லது கற்பூரவள்ளி வையுங்கள். இரண்டும் உப்பையும் வறட்சியையும் தாங்கும். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் ‘காவேரி சபா’ ரகமும் உவர் நிலத்துக்கு ஏற்றது.

3. வாடல் நோய் வந்த இடத்தில் ரஸ்தாலி, மொந்தன், கற்பூரவள்ளி மூன்றையும் தவிருங்கள். நோய்ப் பூசணம் மண்ணில் பல வருடம் கிடக்கும். இவற்றை எளிதில் தாக்கும்.

4. ஈட்டி போல இலை குறுகிய, ஒன்றரை முதல் 2 கிலோ எடையுள்ள கன்றாக எடுங்கள். அகன்ற இலை விட்ட நீர்க்கன்றுக்குக் கிழங்கு வலு இருக்காது.

5. கிழங்கின் அடியை லேசாகச் சீவிப் பாருங்கள். வெளேரென்று இருந்தால் நல்ல கன்று. செம்பழுப்புக் கோடு தெரிந்தால் வாடல் நோய். துளை இருந்தால் கிழங்கு வண்டு. இரண்டையும் ஒதுக்குங்கள்.

6. களிமண்ணில் மேடு கட்டி நட்டு, சுற்றிலும் வடிகால் வெட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

7. பூ தள்ளியதும் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுங்கள். எந்த ரகமானாலும் தார் கனத்தால் காற்றுக்குச் சாயும்.