நீந்துவோர் கண்ணாடி

கொரியா நாட்டின் தென்கோடிக்கு அப்பால், கடல் நடுவே அமைந்துள்ளது ஜேஜு என்னும் தீவு. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறைகள் அதன் கரையெங்கும் நிறைந்துள்ளன. அக்கரையில் ‘ஹேன்யோ’ எனப்படும் பெண்டிர் நெடுங்காலமாக ஓர் அருந்தொழிலைச் செய்து வருகின்றனர். ஹேன்யோ என்னும் சொல்லுக்குக் கடல் மகளிர் என்பது பொருள். மூச்சுக்கருவி ஏதுமின்றி, மூச்சை அடக்கிக்கொண்டு கடலுள் மூழ்கிச் சிப்பியினங்களையும் கடற்பாசியையும் எடுத்து வருவதே அவர்தம் தொழில். அவர்களுள் பலர் அறுபது, எழுபது வயதைக் கடந்த மூதாட்டியர் என்பதை அறியும்போது வியப்பு மிகும். அவர்தம் வாழ்க்கை முறையை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் 2016ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கடலில் இறங்குமுன் இப்பெண்டிர் செய்யும் செயலொன்று உண்டு. நிலத்தில் வளரும் ஒரு மணமுள்ள செடியின் இலையைப் பறித்துக் கசக்கி, தம் கண்ணாடியின் உட்புறத்தை அதனால் நன்கு தேய்ப்பர். பின்பு நீரில் அலசி அணிந்துகொள்வர். அச்செடி நம் நாட்டு மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்தது. ஜப்பானில் இதே தொழிலைச் செய்யும் ‘அமா’ என்னும் பெண்டிரும் அவ்விலையையே இதற்குப் பயன்படுத்துகின்றனர். இஃது ஏதோ சடங்கு போலும் என்று கண்டோர் எண்ணக்கூடும். சடங்கன்று, கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறையாதிருக்கச் செய்யும் ஏற்பாடே அது. கடலடியில் பாறை இடுக்கில் கைந்நீட்டும் ஒருத்திக்கு அடக்கிய மூச்சின் அளவே காலம். அக்காலத்துக்குள் கண்டு, எடுத்து, மேலே மீளவேண்டும். கண்ணாடி மங்கினால் அன்றைய கூலி குறைவதோடு, உயிருக்கும் இடர் நேரலாம்.

நீருள் பார்ப்பதற்குக் கண்ணாடி எதற்கு என்னும் வினா இங்கு எழும். கண்ணுக்குள் புகும் ஒளி, விழியின் முன்புறத்திலுள்ள வளைந்த படலத்தில்தான் பெரிதும் வளைகிறது. காற்றிலிருந்து அப்படலத்துள் புகும்போது ஏற்படும் இவ்வொளிவிலகலே, கண்ணின் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத் தருவது. நீரும் அப்படலமும் ஒளியை விலக்கும் தன்மையில் ஏறக்குறைய ஒத்தவை. ஆதலின், நீர் விழியைத் தொட்டவுடனே அவ்வாற்றல் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. எதிரேயுள்ள பொருள் உருத்தெரியாது கலங்கித் தோன்றுகிறது. விழிக்கு முன் சிறிதளவு காற்றை நிறுத்தி வைத்தால் பார்வை மீண்டும் தெளியும். கண்ணாடி செய்யும் உதவி அவ்வளவே. காண்பதற்கு உதவுவது உண்மையில் கண்ணாடியன்று, அதன் பின்னே அடைபட்ட காற்றுத்தான்.

அக்காற்று வெளியேறாமலும் நீர் உட்புகாமலும் இருக்கவேண்டுமானால் கண்ணாடி முகத்தோடு இறுகப் பொருந்தவேண்டும். 1926ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள், கெர்ட்ரூடு எடர்லே என்னும் அமெரிக்க நங்கை, பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவ்வருஞ்செயலைச் செய்த முதற்பெண் அவரே. ஏறத்தாழ 14½ மணி நேரத்தில், தமக்கு முன் கடந்த ஆடவர் ஐவரினும் விரைவாக அவர் கரையேறினார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் கண்ணாடியை அணிந்து, அதன் விளிம்பை உருக்கிய மெழுகால் அடைத்துக்கொண்டே அவர் நீரில் இறங்கினார். இந்நாளில் அவ்வளவு தொல்லை இல்லை; மெல்லிய சிலிக்கோன் வளையமே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால், நீரைத் தடுக்கும் அவ்விறுக்கமே மற்றொரு தொல்லையை உண்டாக்குகிறது. கண்ணாடிக்குள் அடைபட்ட சிறிதளவு காற்று, முகத்தின் வெப்பத்தால் சூடேறுகிறது. விழியின் மேல் எப்பொழுதும் பரவியிருக்கும் கண்ணீரும் தோலின் வியர்வையும் ஆவியாகி அதில் கலக்கின்றன. போக வழியில்லை. காற்று எவ்வளவு சூடாயிருக்கிறதோ அவ்வளவு நீராவியை அது தாங்கும். 30 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்றில் சற்றேறக்குறைய 30 கிராம் நீராவி நிற்கும். 20 பாகையில் 17 கிராமே நிற்கும். 10 பாகையிலோ 9 கிராமுக்கு மேல் நில்லாது. கண்ணாடியின் வெளிப்புறம் குளிர்ந்த நீரில் தோய்ந்திருப்பதால் அதன் உட்புறமும் குளிர்கிறது. அதைத் தொடும் காற்று, தன்னால் தாங்கமுடியாத ஆவியை அங்கேயே நீராக இறக்கிவிடுகிறது. பனிக்கட்டியிட்ட நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இக்காரணத்தாலேயே. வெப்ப நாட்டுக் குளங்களில் இத்தொல்லை குறைந்தும், குளிர்ந்த கடல்களில் மிகுந்தும் காணப்படுவதன் காரணமும் இதனால் விளங்கும்.

நீர் ஒளி ஊடுருவும் பொருளாயிற்றே, அது படிந்தால் பார்வை ஏன் மறையவேண்டும்? இவ்வினாவின் விடையில்தான் மருந்தும் அடங்கியுள்ளது. படியும் நீர் தட்டையாகப் பரவினால் பார்வைக்குத் தடையே இராது. ஆனால், அது பரவுவதில்லை. பரப்பு இழுவிசை என்னும் ஆற்றலால் நீர் தன்னைத் தானே இறுக்கிக்கொண்டு உருள முயல்கிறது. சேம்பிலையின் மேல் நீர் முத்து முத்தாக நிற்பதைக் காணாதார் இல்லை. பிளாஸ்டிக்கு வில்லையின் மேலும், எண்ணெய்ப்பசை படிந்த கண்ணாடியின் மேலும் அதுவே சிறிய அளவில் நிகழ்கிறது. எண்ணிறந்த நுண்துளிகள் உருண்டு நிற்கின்றன. ஒவ்வொரு துளியும் ஒளியை ஒவ்வொரு பக்கமாகச் சிதறச் செய்கிறது. வெண்புகை படர்ந்தாற்போலத் தோன்றுவது அச்சிதறலே.

ஆகவே, நீர் படிவதைத் தடுக்க முயல்வது வீண். அது படியும் முறையை மாற்றுவதே வழி. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் குறைவாகத் தணித்துவிடும். சோப்பு சிறிது பூசிய வில்லையில் நீர் உருளாது. மெல்லிய ஏடுபோல் பரவும். அதனூடே தெளிவாகப் பார்க்கலாம். உமிழ்நீரிலுள்ள வழுவழுப்பான பொருள்களும் இவ்வேலையை ஓரளவு செய்யும். முக்குளிப்போர் கண்ணாடியில் உமிழ்ந்து தேய்ப்பதைக் கண்டு முகஞ்சுளிப்போர் உளர். ஆயினும் அஃது அறிவுக்குப் பொருந்திய செயலே. தம் கண்ணாடியில் தம் உமிழ்நீரைப் பயன்படுத்தும் வரையில் அதில் குற்றமில்லை. குழந்தைகளின் தலைக்கு இடும் ஷாம்பு ஒரு துளியைத் தடவி உடனே அலசுவது இன்னும் நன்று. அலசாது அணிந்தால் கண் எரியும்.

நீருக்கு அப்பாலும் இத்தொல்லை மனிதனைத் தொடர்ந்தது. 1966ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5ஆம் நாள், ஜெமினி 9ஏ என்னும் விண்கலத்திலிருந்து யூஜின் செர்னன் விண்வெளியில் இறங்கினார். கலத்தின் பின்புறம் சென்று, அங்கிருந்த ஒரு புதிய கருவியை முதுகில் பூட்டி இயக்கிப் பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. பற்றிக்கொள்ளப் போதிய பிடியில்லாமல் அவர் மிகவும் போராடினார். உடல் கொதித்தது, வியர்வை பெருகியது. உடையினுள் ஓடிய காற்றால் அவ்வீரத்தை அகற்ற இயலவில்லை. தலைக்கவசத்தின் முகமூடி முற்றும் மங்கிப்போயிற்று. கவசத்துள் கையை நுழைக்க வழியேது? மூக்கின் நுனியால் தேய்த்துச் சிறு துளையளவு இடத்தைத் தெளிவாக்கி, அதன் வழியே பார்த்தார். கலத்தினுள் இருந்த தலைவர் தாமஸ் ஸ்டாஃபர்டு, ஆய்வைக் கைவிட்டுத் திரும்புமாறு பணித்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த செர்னன், ஏறக்குறையக் கண்ணிழந்தவராகவே தட்டுத்தடவிக் கலத்துள் புகுந்தார். அதன்பின் சென்ற விண்கலங்களில் முகமூடியின் உட்புறத்தில் ஆவிதடுக்கும் நீர்மம் பூசப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனம் அக்காலத்தில் உருவாக்கிய அத்தகைய கலவையொன்றில் சோப்புப் போன்ற நீர்மமும், தூய நீரும், தீப்பற்றாத எண்ணெயும் சேர்ந்திருந்தன. ஜேஜுத் தீவின் மூதாட்டியர் இலையால் முடித்துக்கொள்ளும் காரியத்தையே அவர்களும் செய்தனர்.

இந்நாளில் விற்கும் கண்ணாடிகள் பலவற்றின் உட்புறத்தில் நீரை விரும்பி ஏற்கும் மெல்லிய பூச்சு இடப்பட்டே வருகிறது. அப்பூச்சு இருக்கும்வரை வேறு மருந்து வேண்டுவதில்லை. ஆனால், அது மிகவும் மென்மையானது. மங்கியதும் விரலால் துடைக்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. துடைத்தவுடன் தெளிவது மெய்யே. எனினும், பூச்சும் விரலோடு சிறிது சிறிதாகப் போய்விடும். விரலின் எண்ணெய்ப்பசை வில்லையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் முன்னினும் விரைவில் மங்கும். கடினமான கண்ணாடியாலான முக்குளிப்போர் முகமூடி புதிதாயின், தொழிற்சாலையில் படிந்த பசையை நீக்கப் பற்பசையிட்டுத் தேய்ப்பதுண்டு. பிளாஸ்டிக்கு வில்லையில் அதைச் செய்தால் கீறல் விழுந்து பாழாகும்.

நீரில் இறங்குமுன் முகத்தையும் கண்ணாடியையும் குளத்துநீரில் நனைத்துக் குளிர்வித்து, பின் அணிதல் நன்று. இரண்டுக்கும் இடையேயுள்ள வெப்ப வேற்றுமை குறைந்துவிடும். இளைப்பாறும்போது கண்ணாடியை நெற்றியின் மேல் ஏற்றிவைப்பதும் தவறு. சூடான நெற்றியின் வியர்வையெல்லாம் அதனுள்ளேயே சென்று சேரும். நீந்தி முடித்தபின் நல்ல நீரில் அலசி, உட்புறத்தைத் துடைக்காமல், வெயில் படாத இடத்தில் கவிழ்த்து உலரவிட வேண்டும்.