பேதி மருந்தைப் பாதி பாதியாக!

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொலோனோஸ்கோபிக்காக 2 லிட்டர் பேதி மருந்தை முந்தைய நாள் சாயங்காலமே குடிக்கச் சொன்னார்கள். பாதியிலேயே வாந்தி. குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது மருந்தின் பேரைச் சொன்னாலே குமட்டுகிறது என்கிறார். சுலபமான வழி உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தைத் தவிர்க்க முடியாது. மலம் ஒட்டியிருந்தால் சிறிய பாலிப்புகள் (குடலின் உட்சுவரில் வளரும் சதைத் திரட்சிகள்) கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால், குடிக்கும் முறையை மாற்றலாம்.

மருந்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனை காலை 11 மணிக்கு என்றால், முந்தைய நாள் சாயங்காலம் 1 லிட்டர், விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி 1 லிட்டர். வயிறு உப்பாது, குமட்டலும் குறையும். ராத்திரியில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படியும். காலை மருந்து அதையும் கழுவிவிடும்.

கரைசலை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும். நடுநடுவே எலுமிச்சைத் துண்டை நாக்கில் தடவிக்கொள்ளலாம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். போன தடவை வாந்தி எடுத்ததைச் சொன்னால், முன்கூட்டியே வாந்தி மாத்திரை எழுதித் தருவார்கள்.

இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, தக்காளி, சிறுதானியங்களை நிறுத்துங்கள். முந்தைய நாள் காலை இட்லி, மதியம் குழைந்த வெள்ளைச் சாதம் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத டீ, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ் போன்றவை மட்டும். பீட்ரூட், திராட்சை ஜூஸ் வேண்டாம். அந்த நிறம் ரத்தம் போலத் தெரியும்.

சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கொடுக்கவோ வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியில் சர்க்கரை இறங்கலாம். குளுக்கோமீட்டரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். சிறுநீரகக் கோளாறோ, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ இருந்தால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பலமுறை போவதால் ஆசனவாய் எரியும். முதல் டம்ளருக்கு முன்பே வாசலின் தடவிவிட்டு, துடைக்காமல் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.

கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போனால் குடல் தயார். கலங்கலாகப் போனால் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கூடுதல் மருந்தோ எனிமாவோ கொடுத்து அன்றைக்கே முடிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.