ஜிப்சியின் முன்புறத்தை உயர்த்துவோர் கவனத்துக்கு

1985-இல் அறிமுகமான மாருதி ஜிப்சியில் முன் லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனை சேஸிஸில் நிலையாகவும், முன்முனை ஷேக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்புத் தகடுகளிலும் பொருத்தப்பட்டிருப்பதால், நீண்ட ஷேக்கிளை மாட்டினால் ஆக்ஸிலும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டாலும் வண்டி ஏறத்தாழ 1 அங்குலமே உயரும். ஆனால் திருப்பிய ஸ்டீயரிங்கைத் தானாகவே நேர்நிலைக்குக் கொண்டுவரும் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்து, வேகத்தில் வண்டி அலைபாயத் தொடங்கும். இவ்வண்டியில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு அடியில் அமைந்திருப்பதால், இரண்டுக்கும் இடையே தடித்த பக்கம் முன்னோக்குமாறு ஆப்பு வடிவத் தகட்டை வைத்து அக்கோணத்தை மீட்கலாம். அலுமினியத் தகடு அழுத்தத்தில் விரிசல் காணக்கூடுமாதலால் எஃகே ஏற்றது. கழற்றிய யு-போல்ட்டுகள் ஏற்கெனவே இழுபட்டவை என்பதால் புதியவற்றையே பூட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்க வேண்டும். சக்கரம் முழுதும் கீழிறங்கித் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைக்காதிருப்பதையும் உறுதிசெய்வது இன்றியமையாதது.