டிவி குச்சியில் விமானம் பிடித்த கதை
(மென்பொருள் வானொலி: ஒரு செய்முறைப் பாடம்)



எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் ரயிலில் விழுப்புரம் வந்து படிக்கிறேன். மூன்றாமாண்டு புராஜெக்டுக்காக அம்மா சீட்டுப் பணத்தில் எடுத்துக் கொடுத்த ரூபாயில் ஒரு யுஎஸ்பி குச்சி வாங்கினேன். "இதுல டிவி தெரியுமா?" என்று அம்மா கேட்டது. தெரியாது என்றேன். "அப்புறம் எதுக்குடா?" என்றது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் கற்றதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

சாதாரண ரேடியோவில் டியூனர், ஃபில்டர், டிடெக்டர் எல்லாமே பாகங்கள். வேறு வகை சிக்னல் வேண்டுமென்றால் வேறு சர்க்யூட் வேண்டும். மென்பொருள் வானொலியில் அலையைச் சீக்கிரமே எண்களாக மாற்றிவிட்டு, மீதி வேலையைப் புரோகிராமிடம் விட்டுவிடுகிறோம். ஜோசப் மிட்டோலா என்பவர் 1992-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நம் நாட்டிலும் பெரிய உதாரணம் உண்டு. புனேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அங்கே முதலில் தனி ஹார்டுவேர் செய்த கணக்குகளை, பிறகு லினக்ஸ் கம்ப்யூட்டர்களின் கூட்டத்தில் ஓடும் மென்பொருளுக்கு மாற்றி, 2010-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

நம் குச்சி ஏழையின் ஜிஎம்ஆர்டி! ஐரோப்பாவில் டிவி பார்க்கச் செய்த சாதனம் இது. உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ என்ற சிப். டிவி படமாக மாற்றாமல் பச்சை எண்களை அப்படியே இதிலிருந்து எடுக்கலாம் என்பது 2012-ல் தெரிய வந்தது. பின்லாந்தின் ஆன்டி பலோசாரி கண்டதை வைத்து ஆஸ்மோகாம் குழுவினர் இலவச மென்பொருள் எழுதினார்கள். ஆர்820டி டியூனர் உள்ள குச்சி சுமார் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

என் புராஜெக்ட் விமானம் பிடிப்பது. விமானங்கள் தங்கள் அடையாளம், உயரம், இருப்பிடம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டே போகின்றன. ரெடிமேட் புரோகிராமை ஓட்டிக் காட்டினால் மார்க் கிடையாது, சொந்தமாக எழுத வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார்.

குச்சியைச் செருகியதும் முதல் தகராறு. "இது டிவி குச்சிதானே" என்று லினக்ஸ் தன் டிவி டிரைவரை அதன் மேல் உட்கார வைத்துவிடும். நம் மென்பொருள் கதவைத் தட்டினால் உள்ளே ஏற்கெனவே ஆள்! அந்த டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்தபின் சரியானது. முதலில் புதுச்சேரி வானொலியின் 102.8 வைத்துப் பார்த்தேன். விழுப்புரத்தில் கல்லூரி மாடியில் பாட்டு நன்றாகவே வந்தது. தெரிந்த ஒரு சிக்னலை முதலில் பிடித்துப் பார்க்காமல் தெரியாததைத் தேடப் போகாதீர்கள்.

அடுத்து ஆன்டெனா. 1090-க்கு அலைநீளம் 27.5 செ.மீ., அதில் கால் பங்கு 6.9 செ.மீ. செம்புக் கம்பியை அந்த அளவுக்கு வெட்டி, காலி டின்னின் நடுவில் நிறுத்தினேன். ஆன்டெனா கேபிள் நீண்டால் சிக்னல் கரையும். அதனால் குச்சியை ஆன்டெனா பக்கத்திலேயே வைத்து யுஎஸ்பி வயரை நீட்டினேன்.

இனி பாடத்தின் முக்கியப் பகுதி. குச்சியிடம் வினாடிக்கு 20 லட்சம் சாம்பிள் கேட்கிறோம். ஒவ்வொரு சாம்பிளும் ஐ, க்யூ என்று இரண்டு பைட். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் சிக்னலின் பலம் கிடைக்கும். விமானச் செய்தியில் ஒரு பிட் ஒரு மைக்ரோ வினாடி, நமக்கு இரண்டு சாம்பிள். முதல் பாதியில் துடிப்பு இருந்தால் 1, இரண்டாம் பாதியில் இருந்தால் 0. செய்திக்கு முன்னால் 0, 1, 3.5, 4.5 மைக்ரோ வினாடிகளில் நான்கு துடிப்புகள் வரும். அதாவது சாம்பிள் 0, 2, 7, 9. பதினாறாவது சாம்பிளில் செய்தி தொடங்கும். நீளச் செய்தி 112 பிட். முதல் ஐந்து பிட் 10001, அதாவது 17 என்றால் நாம் தேடுவது அதுதான். கடைசி 24 பிட் சரிபார்ப்புக்கு. இந்தச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் வெறும் இரைச்சலில் கூட விமானம் பறக்கும்!

இதையெல்லாம் சி மொழியில் எழுதி ஓட்டினேன். ஒன்றுமே வரவில்லை. ரிவியூவுக்கு பதினோரு நாள். கம்பியை மாற்றினேன், டின்னை மாற்றினேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே சென்னைப் பக்கம் விமானம் கண்ணுக்குத் தெரியப் போகிறது, திரையில் ஒன்றுமில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால் தேவலை.

அன்று ராத்திரிதான் புத்தி வந்தது. ஹார்டுவேர் தப்பா, புரோகிராம் தப்பா என்றே தெரியாமல் இரண்டையும் மாற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் வெட்ட வேண்டும். குச்சியிலிருந்து வரும் எண்களைப் பத்து வினாடி கோப்பாகச் சேமித்து, அதே கோப்பை டம்ப்1090 என்ற இலவசப் புரோகிராமுக்குக் கொடுத்தேன். வரிசையாகச் செய்திகள் வந்தன! ஆக, கம்பி நல்ல கம்பி, டின் நல்ல டின். தப்பு என் புரோகிராமில்.

குச்சி கொடுக்கும் பைட் 0 முதல் 255 வரை. சிக்னல் இல்லாதபோது 127, 128 என்று நடுவில் ஆடும். நான் வெறும் 'சார்' என்று அறிவித்திருந்தேன். நம் கம்ப்யூட்டரில் அது -128 முதல் 127 வரை. ஆகவே 127 அப்படியே 127, ஆனால் 128 மட்டும் -128 ஆகிவிடும். அமைதியே உச்ச பலமாகத் தெரிந்தது. நிஜத் துடிப்பில் 200 வந்தால் அது -56 ஆகிச் சிறுத்தது. சிக்னல் வலுக்க வலுக்க என் புரோகிராமுக்கு அது மெலிந்தது! 'அன்சைன்டு' என்று ஒரு வார்த்தை சேர்த்து, 127.5-ஐக் கழித்தேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தைக்காக ஏழு வாரத்தில் பாதி போயிற்று. சிப் செய்தவர் எண்ணை எப்படி எழுதுகிறார் என்று முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

பிறகு இன்னொரு சின்னத் தொல்லை. கோப்பில் ஓடிய புரோகிராம் நேரடியாக ஓடும்போது செய்திகளைத் தவறவிட்டது. வினாடிக்கு 40 லட்சம் பைட் வந்து குவிய, நானோ ஒவ்வொரு செய்தியையும் திரையில் அச்சிட்டு நேரத்தைத் தின்றேன். வாங்குவதற்கு ஒரு த்ரெட், பிரித்துப் படிக்க ஒரு த்ரெட், நடுவில் பஃபர் என்று பிரித்ததும் சரியானது.

ரிவியூவுக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நேரம், வீட்டு மாடியில் அம்மாவை உட்கார வைத்தேன். திரையில் 80 என்று தொடங்கும் எண் வந்தது. இந்தியப் பதிவு விமானங்களுக்கான வரிசையில் வருவது அது. கூடவே ஐஜிஓ என்று ஆரம்பிக்கும் பெயர், அதாவது இண்டிகோ. பக்கத்தில் உயரம், 30 ஆயிரம் அடிக்கு மேல். அம்மா திரையைப் பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தது. "அதுக்குள்ள இருக்கறவங்களுக்கு நீ பாக்கறது தெரியுமா?" என்றது. தெரியாதும்மா, நாம கேக்கறது மட்டும்தான் என்றேன்.

நான் சேமித்த பத்து வினாடிக் கோப்பு இன்னும் இருக்கிறது. குச்சி வாங்கப் பணம் இல்லாதவர்கள் அதை வைத்தே புரோகிராம் எழுதிப் பழகலாம். எங்கள் வகுப்பில் வந்து கேளுங்கள். 40 எம்பிதான், பென் டிரைவ் மட்டும் கொண்டு வரவும்.