163 மில்லிமீட்டர்: ஊர் ரோட்டுக்கும் ஆட்டோகிராஸுக்கும் ஒரே சஸ்பென்ஷன்

வில்லியனூரிலிருந்து ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியா பாகூர் வரைக்கும் ஒரு தடவை வண்டி ஓட்டிட்டு வாங்க. கோயில் முன்னாடி ஒரு வேகத்தடை, ஸ்கூல் முன்னாடி ரெண்டு, டீக்கடை முன்னாடி ஊர்க்காரங்களே போட்ட ஒண்ணு. இந்த ரோட்டில் தினமும் ஓடுற வண்டியைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸுக்கும் எடுத்துட்டுப் போகணும்னா, சஸ்பென்ஷனில் எதை மாத்தணும், எதைத் தொடவே கூடாது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஆட்டோகிராஸ் தெரியாதவங்களுக்கு: காலி மைதானத்தில் கோன் வைத்துப் பாதை போடுவாங்க. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். போட்டி கடிகாரத்தோடதான். வேகம் பெரிசா இருக்காது, திருப்பம்தான் அதிகம். நம்ம நாட்டில் தார்த்தரையிலும் நடக்கும், மண் தரையிலும் நடக்கும். மண் தரைன்னா வண்டியை இறக்குற பேச்சே வேண்டாம். கீழே வர்ற கணக்கெல்லாம் தார்த்தரைக்கு.

வெளிநாட்டு வீடியோக்களில் இதுக்கு எல்லோரும் மாஸ்டா எம்எக்ஸ்-5 வச்சிருப்பாங்க. அது இங்க விற்பனையில் இல்லை. நமக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா ஸ்விஃப்ட், இல்லன்னா 2022-ல் நிறுத்திட்ட போலோ, செகண்ட் ஹேண்டில். நான் 2018-ல் வந்த ஸ்விஃப்டையே உதாரணமா எடுத்துக்கறேன்: எடை சுமார் 875 கிலோ, வீல்பேஸ் 2450 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. முன்னாடி மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னாடி டார்ஷன் பீம். இதே தலைமுறையில் சுசுகி ஜப்பானில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு கிளியரன்ஸ் 120 மி.மீ.தான். ஒரே கம்பெனி, ஒரே உடம்பு, ஆனா 43 மி.மீ. வித்தியாசம். அந்த 43 மி.மீ. எதுக்குன்னு நம்ம ஊர் வேகத்தடை சொல்லும்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் உள்ள வளைவு. 25 கி.மீ. வேகத்தில் தாண்டுறதுக்காக வகுத்தது. இதில் ஸ்விஃப்ட் ஏறி நிக்கும்போது நாலு சக்கரமும் வளைவு மேலேயே இருக்கும். ரெண்டு ஆக்ஸிலுக்கு நடுவில் தடை எவ்வளவு மேலே புடைக்குது? வீல்பேஸோட வர்க்கத்தை, ஆரத்தோட எட்டு மடங்கால் வகுங்க: 44 மி.மீ. அவ்வளவுதான். வண்டியை 30 மி.மீ. இறக்கி, நாலு பேர் உட்கார்ந்தாலும் தாராளமா தாண்டும்.

ஆனா நம்ம ஊர்த் தடைகள் அந்த விதியைப் படிச்சுட்டுக் கட்டினது இல்லையே. அரை மீட்டர் அகலத்தில் 12 செ.மீ. உயரம்னு வச்சுக்குங்க. முன் சக்கரம் தாண்டி இறங்கிடுச்சு, பின் சக்கரம் இன்னும் ஏறலை, நடுவில் தடை முழுசா நிக்குது. 120 மி.மீ.யும் வண்டிக்கு அடியில். இப்போ நாலு பேர் ஏறினா சக்கரத்துக்கு சராசரியா 70 கிலோ கூடும். சக்கரத்தில் ஸ்பிரிங்கோட கெட்டித்தன்மை மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்னு எடுத்தா வண்டி சுமார் 35 மி.மீ. இறங்கும். 163 காலி வண்டியோட அளவுன்னு வச்சு, அதில் 35 போனா 128. மிச்சம் 8 மி.மீ. கம்பெனி ஸ்பிரிங்கிலேயே இதுதான் நிலைமை! 30 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் போட்டா? அது கெட்டியானது, 35-க்குப் பதிலா 25 மி.மீ.தான் இறங்கும்னு வச்சாலும் 108. தடை 120. வண்டி உரசும், உரசுற இடத்தில் சைலன்ஸர் பைப்போ ஆயில் சம்ப்போ இருக்கும்.

சரி, இறக்குறதால் திருப்பத்தில் என்ன லாபம்னும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரைவரோட சேர்த்து 945 கிலோ, 0.8 ஜி வேகத்தில் திருப்பம், ஈர்ப்பு மையம் 0.53 மீட்டர் உயரத்தில், இடது-வலது சக்கர இடைவெளி 1.5 மீட்டர். உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்கு மாறுற எடை சுமார் 267 கிலோ. 30 மி.மீ. இறக்கினா அது 252 கிலோ ஆகும். வெறும் 15 கிலோ, அதாவது ஆறு சதவீதம்கூட இல்லை.

அதையும் முழுசா அனுபவிக்க முடியாது. மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் வண்டியை இறக்கினா கீழ்க் கை மேல்நோக்கிச் சாயும். ஈர்ப்பு மையம் 30 மி.மீ. இறங்கும்போது முன் ரோல் சென்டர் அதைவிட அதிகமா இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல், அது நீளமாயிடுது. ஸ்பிரிங் போதுமான அளவு கெட்டியா இல்லைன்னா இறக்கின வண்டி முன்னைவிட அதிகமாகவே சாயும். திருப்பத்தில் கேம்பரும் நமக்கு எதிரா போகும். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், ஓட்டினா இருக்காது.

இன்னொரு கணக்கு ரொம்ப முக்கியம். ஸ்பிரிங் அடிவாங்குற சக்தி, அது அமுங்குற தூரத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. அமுங்க 80 மி.மீ. இடம் இருந்த வண்டியை 40 ஆக்கினா, அதே பள்ளத்தின் அடியை அடித்தட்டாமல் தாங்க ஸ்பிரிங் நாலு மடங்கு கெட்டியா இருக்கணும். கடையில் விற்கிற லோயரிங் ஸ்பிரிங் எதுவும் நாலு மடங்கு இருக்காது. அதனால் வண்டி ரப்பர் ஸ்டாப்பரில் போய் முட்டும். கோன்களுக்கு நடுவில் திரும்பும்போது முட்டினா, அந்தச் சக்கரத்தோட கெட்டித்தன்மை ஒரே நொடியில் எகிறி டயர் பிடி விட்டுடும்.

கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போன சீனியர்களைக் கேட்டா வேற கதை சொல்வாங்க. ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிப்படி அந்த வண்டிகளுக்கு மொத்தச் சக்கரப் பயணம் 50 மி.மீ. இருந்தா போதும். அதில் மேல்நோக்கி 25. ஏன்னா அந்தத் தரையில் டீக்கடை வேகத்தடை கிடையாது. (அந்த ட்ராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வச்சே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினவர். கையில் கிடைக்கிற பொருளை வச்சு யோசிக்கிறதுக்கு நம்ம பக்கத்திலேயே முன்னோடி இருக்கார்.) ரேஸ் கார் படிச்ச மூளையோட தெரு வண்டியைத் தொடும்போது, பயணத்தூரம்தான் நம்ம பட்ஜெட்டுன்னு ஞாபகம் இருக்கணும். பணம் அதுக்கு அப்புறம்.

அப்போ பணத்தை எங்க போடலாம்? முதல்ல டயரும் அலைன்மென்ட்டும். தரையைத் தொடுறது அந்த நாலு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான். நல்ல பிடியுள்ள டயர் கொடுக்கிற நேரக் குறைப்பை எந்த ஸ்பிரிங்கும் கொடுக்காது. ஆனா 17 இன்ச் அலாய் ஆசை வேண்டாம். 185/65 ஆர்15 டயரோட பக்கச்சுவர் 120 மி.மீ.; 205/45 ஆர்17 போட்டா 92. பள்ளத்தில் ரிம்முக்கு முன்னாடி அடிவாங்க இருந்த 28 மி.மீ. ரப்பர் காணாமப் போச்சு. டயரும் ஒரு சஸ்பென்ஷன்தான்.

முன் சக்கர கேம்பரை மைனஸ் ஒன்றரை டிகிரி வரைக்கும் கொண்டுபோறதுக்கு ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்குப் பதிலா கேம்பர் போல்ட் கிடைக்கும். விலை குறைவு, பலன் அதிகம். "டயர் தேஞ்சுடும்"னு மெக்கானிக் அண்ணன் பயமுறுத்துவார். இந்த அளவு கேம்பரைவிட டயரைத் தின்றது டோ தான். ஒரு சக்கரம் 0.1 டிகிரி திரும்பி நின்னாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கிற மாதிரி கணக்கு வரும். கேம்பரை மாத்தினா டோவும் மாறிடும். அதனால் அன்னைக்கே டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தான் கடையை விட்டு வரணும்.

அடுத்தது டேம்பர், நம்ம பாஷையில் ஷாக் அப்சார்பர். ஸ்விஃப்ட் மாதிரி வண்டி நல்லா ஓடியிருந்தா, நீங்க "சஸ்பென்ஷன் அப்கிரேட்"னு நினைக்கிறதில் பாதி, செத்துப்போன ஷாக்கைப் புதுசா மாத்தினாலே வந்துடும். எவ்வளவு எடை மாறும்ங்கிறதை டேம்பர் தீர்மானிக்காது. எவ்வளவு சீக்கிரம் மாறும்ங்கிறதைத்தான் தீர்மானிக்கும். 10 மீட்டர் இடைவெளியில் கோன் வச்ச ஸ்லாலமில் 45 கி.மீ. வேகத்தில் போனா, ஒரு இடது-வலது சுற்றுக்கு 1.6 நொடி. வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு அடங்குறதுக்குள்ள அடுத்த கோன் வந்துடும். அங்க ஸ்டியரிங் சொல்றதை வண்டி உடனே கேட்கிறது டேம்பரோட வேலை.

டேம்பர் கேட்டலாகில் லோ-ஸ்பீடு, ஹை-ஸ்பீடுன்னு இருக்கும். அது வண்டியோட வேகம் இல்ல, உள்ளே பிஸ்டனோட வேகம். வண்டி சாயும்போதும் பிரேக்கில் மூக்கு குனியும்போதும் பிஸ்டன் மெதுவா நகரும். வேகத்தடையோட ஓரத்திலும் பள்ளத்திலும் படார்னு நகரும். நமக்கு வேண்டியது லோ-ஸ்பீடில் இறுக்கம், ஹை-ஸ்பீடில் தளர்ச்சி. ரெண்டிலும் இறுக்கமா இருக்கிற மலிவு கிட் வாங்கினா, திருப்பத்தில் ஜாலியா இருக்கும், வீட்டுக்குப் போற வழியில் முதுகு சொல்லும். உயரத்தை மாத்தாமல் டேம்பரை மட்டும் மாத்துறவங்களுக்குன்னே தனி வரிசை சில கம்பெனிகளில் உண்டு. பில்ஸ்டீனில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கின வண்டிக்கு. உங்க மாடலுக்கு இருக்கான்னு பார்த்துட்டு ஆசைப்படுங்க.

ஸ்பிரிங்கை மட்டும் மாத்தி ஷாக்கை அப்படியே விடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: டேம்பிங் விகிதம் ஸ்பிரிங்கோட வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஸ்பிரிங் ரெண்டு மடங்கு கெட்டியானா 0.3 இருந்த விகிதம் 0.21 ஆயிடும். வண்டி தடையைத் தாண்டினப்புறமும் ஆடிக்கிட்டே போகும். அதைவிட மோசம் ஸ்பிரிங்கை அறுத்துப் போடுறது. சுருள் குறைஞ்சா கெட்டி ஏறும், உண்மைதான். ஆனா அறுத்த முனை தட்டில் சரியா உட்காராது, சக்கரம் முழுசா தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நழுவலாம். சூடு காட்டி இறக்குறவங்களும் இருக்காங்க. அது எஃகோட பதத்தையே கெடுக்கிற வேலை, கிட்டயே போகாதீங்க.

நான் ரொம்ப சிபாரிசு பண்றது பின்பக்க ஆன்டி-ரோல் பார். காரணம் நம்ம வேகத்தடையேதான். தடை ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா தூக்கும். ரெண்டும் ஒண்ணா ஏறினா பார் முறுக்காது, அது இருக்கிறதே வண்டிக்குத் தெரியாது. திருப்பத்தில் ஒரு சக்கரம் ஏறி இன்னொண்ணு இறங்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். அதாவது தெருவில் ஸ்பிரிங் மெத்துன்னு இருக்கும், கோனில் வண்டி விறைப்பா இருக்கும். ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தா மட்டும் கொஞ்சம் குலுக்கும், அது தாங்கலாம்.

அதுவும் ஏன் பின்னாடி? ஸ்விஃப்ட் முன் சக்கர டிரைவ். மூக்கு கனம். வேகமா திருப்பினா முன்னாடி டயர் பிடி விட்டு வண்டி நேரா போகப் பார்க்கும். மாறுற 267 கிலோவை பார் குறைக்காது. அதை முன்னும் பின்னும் எப்படிப் பங்கு போடுறதுங்கிறதைத்தான் மாத்தும். பின்பக்கம் விறைச்சா அது அதிகப் பங்கைச் சுமக்கும், முன் டயர்கள் ரெண்டும் சமமா வேலை செய்யும். டயருக்கு ஒரு குணம், சுமை ரெண்டு மடங்கானா பிடி ரெண்டு மடங்காகாது. அதனால் சமமா சுமக்கிற ஜோடிக்குத்தான் மொத்தப் பிடி அதிகம். உள் பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினா பயப்பட வேண்டாம், போட்டியில் சகஜம்.

ஆனா இங்கதான் நிஜமான ஆபத்தும் இருக்கு. ஐப்பசி மழை, இரவு நேரம், அம்மாவை ஜிப்மருக்கு அவசரமா கூட்டிட்டுப் போறீங்க. பாகூர் பக்கம் ரோட்டில் நெல் காயவச்ச மிச்சமோ, டிராக்டர் சக்கரம் கொண்டுவந்த சேறோ கிடக்கும். திருப்பத்தில் திடீர்னு எதிரே மாடு. கால் தானா ஆக்சிலேட்டரை விடும். எடை முன்னாடி போகும், பின் சக்கரம் லேசாகும். பின்பக்கம் ரொம்ப விறைப்பா இருந்தா வண்டியோட வால் சுத்திடும். கம்பெனி முன்பக்கம் நழுவுற மாதிரி வச்சதே இதுக்காகத்தான்; எல்லாருக்கும் வால் சுத்துறதைச் சமாளிக்கத் தெரியாது. வீட்டில் உங்களைத் தவிர அப்பாவும் அக்காவும் அதே வண்டியை ஓட்டுவாங்க இல்லையா? அதனால் ரெண்டு மூணு ஓட்டை உள்ள, மாத்தக்கூடிய பார் வாங்குங்க. வாரநாளில் மெத்தான ஓட்டையில், போட்டிக்கு மட்டும் விறைப்பான ஓட்டையில். மாத்த ரெண்டு ஸ்பானரும் கொஞ்ச நேரமும் போதும். மழைக்காலம் முழுக்க மெத்தான ஓட்டையை விட்டு நகராதீங்க. பழகிப் பார்க்கிறதுக்கு ஏரிக்கரை ரோடு இடம் இல்லை. போட்டி நடக்கிற மைதானம்தான்.

சட்டம் பத்தி சுருக்கமா: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறிப்போட முரண்படுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திச்சு. நீங்க எதை மாத்தினாலும் இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுத்தில் தெரிவிச்சிடுங்க. கழட்டின ஒரிஜினல் பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீங்க.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்க. கீழ்க் கையோட ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. சக்கரம் தரையில் நின்னு, வண்டி எடை இறங்கினப்புறம்தான் கடைசி இறுக்கு. இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்திலும், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்குங்க. மாத்தினப்புறமும், 500 கி.மீ. ஓடினப்புறமும் அதே இடத்தில் அளங்க. அப்புறம் நாலு ஃப்ரெண்ட்ஸை ஏத்திட்டு, உங்க தெருவிலேயே மோசமான வேகத்தடைக்கு மெதுவா போங்க. முன் சக்கரம் ஏறுறதுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுடுங்க, அழுத்திக்கிட்டே ஏறினா மூக்கு குனிஞ்சு கிளியரன்ஸ் இன்னும் குறையும். ஒருத்தர் கீழே இறங்கி உட்கார்ந்து பார்க்கட்டும்.